டோலிக்கு நாலு ஆள்

பரந்தாமன் பச்சை மூங்கிலைக் கால் கட்டைவிரலில் இடுக்கிக்கொண்டு கயிற்றை இழுத்து முடிந்துகொண்டிருந்தபோது, அவன் அக்கா ஞானம்மாள் வாசலுக்கு வந்தாள்.

“கட்டாத, உடு” என்றாள்.

பாடை கட்டுகிற இடத்துக்குச் செத்தவனின் பெண்டாட்டி எழுந்து வருவது எங்கேயும் இல்லாத வழக்கம். கூட இருந்த டோலிக்காரர்கள் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். பரந்தாமனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. முடிச்சு சரியில்லை என்கிறாளோ என்று நினைத்தான்.

“இன்னாக்கா? இன்னும் இறுக்கணுமா?”

“பாடையே கட்டாதன்றேன். இப்ப எடுக்கப் போறதில்ல.”

சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். புருஷன் ஜம்புலிங்கத்தின் தலைமாட்டில், அகல் விளக்குக்குப் பக்கத்தில், முன்பு உட்கார்ந்திருந்த இடத்திலேயே உட்கார்ந்துகொண்டாள். அவள் இன்னும் அழவில்லை. நேற்றுச் சாயங்காலம் மலைப்படியிலிருந்து புருஷனை டோலியில் கிடத்தி இறக்கிக்கொண்டு வந்தபோதும் அழவில்லை. பெண்கள் கட்டிப்பிடித்து ஒப்பாரி வைத்தபோது அவர்கள் கைகளுக்கு நடுவில் சும்மா இருந்தாள். பரந்தாமனுக்கும் கண்ணில் ஒரு சொட்டு வரவில்லை. தண்ணீர் கொண்டுவா என்றால் கொண்டுவந்தான், மூங்கில் வெட்டு என்றால் வெட்டினான். அக்கா புருஷன், அவன் பாவா, செத்துவிட்டார் என்பது யாரோ அடுத்த தெருவில் பேசிக்கொள்கிற செய்தியாகவே அவன் காதில் விழுந்தது.

பெற்றவர்கள் போனபிறகு அவனை வளர்த்தவர்கள் இந்த இரண்டு பேர்தான். தோள் தாங்குகிற வயது வந்ததும் பாவாதான் அவனை டோலியின் பின்கட்டையில் போட்டுக்கொண்டார். முன்கட்டை அவர், பின்கட்டை இவன். நேற்றும் அப்படித்தான்.

தெருப் பெரியவர் துரைக்கண்ணு தடியை ஊன்றிக்கொண்டு வந்தார். அந்தக் காலத்தில் அவரும் டோலி தூக்கியவர். இடது தோள் இன்னும் தாழ்ந்தேதான் இருக்கும். வாசற்படியில் நின்று உள்ளே குனிந்து பார்த்தார்.

“ஞானம்மா, இன்னாத்துக்குமே நிறுத்திட்ட? யாராவது வரணுமா? ஆர்.கே.பேட்டைல உங்க ஆளுங்க யாராவது கீறாங்களா? சொல்லு, ஹயாத் பாஷாவை ஜட்கா பூட்டச் சொல்றேன். போய் இட்டுகினு வந்துரட்டும்.”

“ஆங். ஒருத்தர் வரணும்.”

“யாரும்மா?”

“கங்காதரன் வரணும்.”

துரைக்கண்ணுவுக்குச் சட்டென்று புரியவில்லை. உறவுமுறையில் அந்தப் பேரில் யார் என்று யோசித்தார்.

“எந்தக் கங்காதரன்?”

“எத்தினி கங்காதரன் கீறாங்க பெரியப்பா, இந்த ஊர்ல?”

வெளியே நின்றவர்களில் ஒருவன் “அட கடவுளே” என்றான்.

மலைக்கு நடந்து ஏற முடியாதவர்களைத் தூக்கிப் போகிற டோலிகள் பாதிக்குமேல் கங்காதரனுடையவை. டோலிக்காரர்கள் இருக்கிற தெருவும் அவருடைய மனைதான். தெருக்கோடியில் இருக்கிற கங்கையம்மனுக்கு ஆடி ஜாத்திரை நடத்துவதும், கூழ் ஊற்றுவதும், கையில் மஞ்சள் காப்புக் கட்டிக்கொள்வதும் அவர்தான். அன்றைக்கு ஜாத்திரை. காப்புக் கட்டினவர் பிணத்தைக் கண்ணால் பார்க்கக்கூடாது, சாவு வீட்டு வாசலை மிதிக்கவே கூடாது.

இன்னொரு கட்டும் அந்தத் தெருவில் உண்டு. தெருவில் பிணம் கிடக்கிற வரையில் எந்த வீட்டிலும் அடுப்பு மூட்டக்கூடாது, அம்மனுக்கு விளக்கேற்றக்கூடாது, கரகம் கிளம்பக்கூடாது. சாதாரண நாளில் யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. பொழுது விடிந்ததும் எடுத்துவிடுவார்கள், அடுப்பு எரிய ஆரம்பித்துவிடும். இன்றைக்கு அப்படியா? கோயிலுக்குப் பின்னால் அண்டா அண்டாவாகக் கூழ் வந்து இறங்கியிருந்தது, அம்மனுக்குப் படைக்காமல் ஊற்ற முடியாது. ரேஷன் கடையில் பாதி நாள் கதவே திறக்காத வருஷம் அது. பிள்ளைகள் விடிந்ததிலிருந்து சொம்பும் கையுமாகக் கோயிலைச் சுற்றி வந்தார்கள்.

“காப்பு கட்டிகினு கீறாரும்மா. இந்தப் பக்கம் திரும்பக்கூட மாட்டாரு” என்றார் துரைக்கண்ணு.

“அப்ப இது இப்பிடியே கிடக்கட்டும்.”

“வந்து இன்னா செய்யணும் அவரு? அதையாவது சொல்லேன்.”

“டோலிக்கு நாலு ஆள் போடறேன்னு சொல்லணும். அம்மன் முன்னால கற்பூரம் அணைச்சு சத்தியம் பண்ணணும். பண்ணட்டும், நான் எடுத்துர்றேன்.”

துரைக்கண்ணு வாசலிலேயே குந்திவிட்டார்.

அவர் தூக்கின காலத்தில் டோலிக்கு நாலு பேர்தான். முன்னே இரண்டு, பின்னே இரண்டு. உலகச் சண்டை வந்தது. அரக்கோணத்தில் விமானம் இறங்குகிற மைதானம் போட ஊர் ஊராக ஆள் எடுத்தார்கள், பட்டாளத்துக்கும் எடுத்தார்கள். ஆள் இல்லை என்று கங்காதரன் இரண்டு பேரை வைத்து ஓட்டினார். சண்டை முடிந்து, போனவர்கள் திரும்பி வந்து ஒரு வருஷமாகிறது. வேலையில்லாமல் குளத்தங்கரையில் சீட்டாடிக்கொண்டிருக்கிறார்கள். டோலியில் மட்டும் இரண்டு பேர் இரண்டு பேராகவே நின்றுவிட்டார்கள். ஜம்புலிங்கம் மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு எத்தனையோ தரம் போய்க் கேட்டார். “சுயராஜ்யம் வரப்போவுதுப்பா, எல்லாத்துக்கும் ஒரு வழி பொறக்கும், அதுவரைக்கும் பொறுத்துக்கோ” என்று சொல்லி அனுப்பினார் கங்காதரன். அவர்கூட அப்போது கதர் போட ஆரம்பித்திருந்தார்.

அரக்கோணத்தில் ரயில்வே தொழிலாளர்கள் கூட்டம் போட்டதை ஒருநாள் பாவா எட்ட நின்று கேட்டுவிட்டு வந்தார். வீட்டுக்கு வந்து சிரித்துச் சிரித்துச் சொன்னார். “அவனுங்க கையைக் கட்டிகினா ரயில் நின்னு பூடும்டா பரந்தாமா. நாம தோளை இறக்கிட்டா இன்னா நிக்கும்? சாமியா நிக்கும்? பக்தனுங்க மெதுவா நடந்து பூடுவானுங்க.” அக்காவும் சிரித்தாள்.

நேற்று டோலியில் ஏறினவர் மெட்ராஸிலிருந்து வந்த மண்டிக்காரர், கனத்த சரீரம். அவரைச் சொல்லிக் குற்றமில்லை, வேண்டுதல், முழங்கால் வலி. தூக்கினவர்களுக்கோ காலையிலிருந்து ஏறி இறங்கின கால்கள், படி வெய்யிலில் கொதித்துக் கிடந்தது. பாதி மலையில் முன்கட்டை நடுங்குவது பின்னால் பரந்தாமன் தோளுக்குத் தெரிந்தது.

“பாவா, இறக்கிரலாம்.”

“மண்டபம் வரட்டும்டா. இங்க சாய்வா கீது.”

மண்டபம் வந்தது. ஜம்புலிங்கம் முறையாகக் குனிந்து, டோலியை அலுங்காமல் இறக்கி, மண்டிக்காரருக்குக் கை கொடுத்து எழுப்பி நிறுத்தினார். அப்புறம் படியில் உட்கார்ந்தார். மூக்கிலிருந்து ரத்தம் வந்தது. அதைத் துண்டால் துடைத்து, துண்டைப் பார்த்தார். “அட” என்றார். அவ்வளவுதான் அவர் பேசினது. மண்டிக்காரர் “ஐயையோ, பாவம்” என்று கொஞ்ச நேரம் நின்றார். பிறகு மேலே போக இன்னொரு டோலியைக் கூப்பிட்டார்.

வெய்யில் ஏறிற்று. வேப்பிலைக் கொத்தும் சாம்பிராணியும் போட்டும் ஈ அடங்கவில்லை. பரந்தாமன் பாவாவின் கால்மாட்டில் உட்கார்ந்து துண்டால் வீசிக்கொண்டிருந்தான். கட்டைவிரல்கள் இரண்டையும் சேர்த்துக் கட்டியிருந்த துணி தளர்ந்திருந்தது. அவிழ்த்துத் திரும்பக் கட்டினான். அக்கா அவனைப் பார்க்கவே இல்லை. நேற்றிலிருந்தே பார்க்கவில்லை.

பக்கத்து வீட்டு வள்ளிநாயகி வந்தாள். வந்தவள் பிணத்தைக்கூடப் பார்க்காமல் இரைந்தாள்.

“ஏன்மே, இது நியாயமா? நேத்து ராத்திரிலேருந்து எம் புள்ளைங்க பட்டினி. கூழு அங்க கீது, இங்கருந்து மணக்குது. சின்னது அழுது அழுது தொண்டை கட்டிப்போச்சு. செத்தவரு நல்லவரு, இல்லன்னா சொல்றேன்? அதுக்காக எங்க வயித்துலயா அடிப்ப?”

ஞானம்மாள் நிமிர்ந்தாள். “உம் புருசன் இன்னா வேலை செய்யறான்?”

“அது தெரியாதா உனக்கு?”

“ரெண்டு ஆள் டோலிதான தூக்குறான்?”

வள்ளிநாயகி அப்படியே தரையில் உட்கார்ந்து முந்தானையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள்.

“பசிக்குதே ஞானம்மா. நான் இன்னா செய்யட்டும்?”

அக்காவின் கை விளக்குத் திரியைத் தூண்டப் போனது, பாதியில் நின்றது. இப்போது விட்டுவிடுவாள் என்று பரந்தாமன் நினைத்தான். விட்டுவிடட்டும் என்றும் நினைத்தான். தெருப் பிள்ளைகளைப் பட்டினி போட்டு யாருக்கு என்ன ஆகப்போகிறது? ஆனால் நாளைக்கு அவன் பின்கட்டையில் நிற்பான், முன்கட்டைக்கு எவனாவது வருவான், அதே படி, அதே வெய்யில். அதை அவன் நினைத்தும் பார்த்தான். நினைத்தபோதும் உள்ளே எதுவும் அசையவில்லை.

அப்போதுதான் தெருமுனை வீட்டுக் கூரையிலிருந்து புகை கிளம்பிற்று. ஜட்கா ஓட்டுகிற ஹயாத் பாஷாவின் வீடு. துரைக்கண்ணு வாசலில் இருந்தபடியே கத்தினார்.

“ஏய், பாய் ஊட்ல அடுப்பு எரியுது! யாரும்மா அங்க? ரோஷன் பீ! தெருவுல பொணம் கீறது தெரியாதா?”

ரோஷன் பீ கரண்டியோடு வெளியே வந்தாள். “தெரியும் பெரியவரே. ஞானம்மா எனக்குக் கூடப்பொறந்தவ மாதிரி. ஆனா உங்க கட்டு எங்க ஊட்டுக்கு இல்லியே. எங்க ஊட்ல எரியுது, அதுக்கு உங்க அம்மன் இன்னா கோச்சுக்கப் போறாளா?”

துரைக்கண்ணு அந்தப் புகையை ஒரு தரம் பார்த்தார். தடியை எடுத்துக்கொண்டு கோயில் பக்கம் போய்விட்டார்.

குதிரைக்கு வைத்திருந்த கொள்ளும் வீட்டிலிருந்த நொய்யும் போட்டுக் கஞ்சி காய்ச்சினாள் ரோஷன் பீ. பிள்ளைகள் ஒவ்வொன்றாகச் சுவரோரமாக நழுவிப் போயின. அம்மாக்காரிகள் எல்லோரும் அந்த நேரம் பார்த்து வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். வள்ளிநாயகியின் சின்னது வாயைத் துடைத்துக்கொண்டே ஓடி வந்து அம்மா மடியில் விழுந்தது. “பாய் ஊட்ல நான் ஒண்ணும் சாப்புடல” என்றது. வள்ளிநாயகி அதன் மோவாயில் ஒட்டியிருந்த பருக்கையை எடுத்துப் போட்டாள். அங்கிருந்து எழுந்து போகவில்லை. ஞானம்மாளுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள்.

துரைக்கண்ணு கோயிலுக்கும் சாவு வீட்டுக்குமாக நடந்துகொண்டேயிருந்தார். போலீஸைக் கூப்பிடுவேன் என்கிறார் கங்காதரன் என்று ஒரு தரம் வந்து சொன்னார். மனையைக் காலி செய்யச் சொல்வேன் என்கிறார் என்று இன்னொரு தரம். எல்லாவற்றுக்கும் அக்கா “ஆங்” என்றாள். போலீஸ் வந்து பிணத்தைத் தூக்கினால் பிணத்துக்குப் பங்காளி ஆகிவிடுவான், எந்தப் போலீஸ்காரனும் அதற்கு வரமாட்டான். அது கங்காதரனுக்கும் தெரியும். விளக்கு வைப்பதற்குள் கரகம் சுற்றி வந்து காப்பு அவிழ்க்காவிட்டால், அம்மன் கோபம் காப்புக் கட்டினவன் வீட்டில்தான் இறங்கும் என்பார்கள். அவர் வீட்டில் மகள் மனோரமா நிறைமாத வயிற்றோடு தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள்.

வெய்யில் தாழ்ந்தபோது கங்காதரன் கோயில் வாசலில் வந்து நின்றார். சாவு வீட்டைப் பார்க்கக்கூடாது என்பதால் அம்மனைப் பார்த்தபடி, தெருவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். வெற்றுடம்பு, மஞ்சள் வேட்டி, மணிக்கட்டில் காப்பு. காப்புக் கட்டின நாளிலிருந்து விரதம் இருந்ததில் தோள் எலும்பு தெரிந்தது. ஞானம்மாள் தன் வாசலுக்கு வந்து நின்றாள். அவளும் கோயில் பக்கம் ஓரடி எடுத்துவைக்க முடியாது. நடுவில் தெரு முழுக்க நீளமாகக் கிடந்தது. இவர் கத்தினால்தான் அவளுக்குக் கேட்கும், அவள் கத்தினால்தான் இவருக்குக் கேட்கும். தெருவில் இருந்த அத்தனை பேரும் வெளியே வந்துவிட்டார்கள்.

“இன்னாம்மா ஞானம்மா!” என்று அம்மனைப் பார்த்துக்கொண்டே கத்தினார் கங்காதரன். “நான் உனக்கு இன்னா கெடுதல் செஞ்சேன்? ஜம்புலிங்கம் எனக்கும் வேண்டியவன்தான். சாவு நம்ம கையிலயா கீது?”

“டோலி உங்க கையில கீதுங்க!”

“வாயுந்தான் உனக்கு நீளம். எம் பொண்ணு நிறைமாசமா கீறா. நீயும் ஒரு பொம்பளை. உனக்கு ஈரம் இல்ல?”

“நல்லபடியா பொறக்கட்டுங்க” என்று அக்கா கத்தினாள். குரல் உடைந்தது. “நல்லபடியா பொறக்கட்டும். நான் அம்மனை அதுக்கும் வேண்டிக்கிறேன். நீங்க நாலு ஆள் போடறேன்னு சொல்லிடுங்க. எம் புருசன் பூட்டாரு, இவங்கல்லாம் கீறாங்க. இவன் ஒருத்தன் கீறான் எனக்கு. இவனையும் நான் இப்பிடி மடியில போட்டுக்க முடியாதுங்க!”

ரோஷன் பீ முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டாள். பரந்தாமன் தலையைக் குனிந்து தன் கால்களைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

கங்காதரன் காப்பைத் திருகிக்கொண்டே நின்றார். துரைக்கண்ணு அவர் காதில் என்னமோ சொன்னார். மேற்கே மலை நிழல் தெருவில் இறங்க ஆரம்பித்திருந்தது. கங்காதரன் பூசாரியைப் பார்த்துக் கையை நீட்டினார். சத்தியத்துக்கு ஏற்றுகிற கற்பூரத்துக்கு அந்தக் கட்டு இல்லை, எரிகிற தட்டு வந்தது.

“எல்லாரும் கேட்டுக்கோங்க! நாளையிலிருந்து என் டோலிக்கு நாலு ஆளு. ஏறுறவன் ஒல்லியா இருந்தாலும் நாலு ஆளு. இது கங்கம்மா மேல சத்தியம்!”

கற்பூரத்தைப் புறங்கையால் அடித்து அணைத்தார். எரிந்த சூட்டில் கையை உதறிக்கொண்டார். அப்புறம், அம்மனைப் பார்த்தபடியே, இன்னும் உரக்கச் சொன்னார்.

“ஆனா ஒண்ணு. இது உன் புத்தி இல்ல ஞானம்மா. உன் தம்பி அரக்கோணத்தானுங்க பேச்சைக் கேட்டுகினு உன்னைத் தூண்டி உடறான். எவன் போனாலும் போவட்டும், பரந்தாமன் மட்டும் இனிமே என் டோலில கை வெக்கக்கூடாது. மத்தவன் டோலிலயும் வெக்க உடமாட்டேன். ஒத்துக்கிறியா? ஒத்துகினா எடு. இல்லன்னா அந்தச் சத்தியத்துக்கு நான் பொறுப்பில்ல.”

பரந்தாமன் அரக்கோணத்தில் ஒரு கூட்டத்தையும் பார்த்ததில்லை. பாவா சொன்ன கதையைக் கேட்டதோடு சரி. அதைச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. வாயும் திறந்தான். அக்கா அப்போதுதான் திரும்பி அவனைப் பார்த்தாள். கண் அவன் முகத்திலேயே நின்றது. டோலியைத் தவிர அவனுக்கு வேறு எந்த வேலையும் தெரியாது, அது இருவருக்கும் தெரிந்ததுதான். தெருவில் மற்ற டோலிக்காரர்கள் எல்லோரும் வேறெங்கோ பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவர்கள் பெண்டாட்டிமார் மட்டும் இவனைப் பார்த்தார்கள்.

“சரிங்க!” என்று கத்தினான் பரந்தாமன்.

தன் குரலா அது என்று அவனுக்கே ஆச்சரியமாக இருந்தது. உட்கார்ந்து மூங்கிலைக் கால்விரலில் இடுக்கிக்கொண்டு விட்ட முடிச்சிலிருந்து கட்ட ஆரம்பித்தான்.

வாய்க்கரிசி போட்டார்கள். நெற்றியில் காசு வைத்தார்கள். டோலிக்காரர்கள் நாலு பேர் குனிந்து தூக்கினார்கள், பழக்கத்தில் ஒருவன் “ஏறிக்கினாரா?” என்று பின்னால் இருந்தவனைக் கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான். பரந்தாமன் நெருப்புச் சட்டியோடு முன்னால் நடந்தான். தெருமுனையில் திரும்பும்போது பின்னால் பெண்கள் வாசல்களில் தண்ணீர் ஊற்றிக் கழுவுகிற சத்தம் கேட்டது. சுடுகாட்டை எட்டுவதற்குள் கரகத்து மேளம் பிடித்துக்கொண்டது.

மறுநாள் காலையில் பால் தெளித்துவிட்டுக் குளத்தில் முழுகி வந்தான். வீடு கழுவி ஈரமாக இருந்தது. வள்ளிநாயகி ஒரு சட்டி நிறையக் கூழ் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போயிருந்தாள். அக்கா கிண்ணத்தில் ஊற்றி, வெங்காயம் ஒன்றை நசுக்கி வைத்தாள். அவன் எதிரில் உட்கார்ந்தாள்.

முதல் ரயில் வந்திருக்க வேண்டும். ஹயாத் பாஷாவின் ஜட்கா மணி குலுங்கிக்கொண்டு வந்து அடிவாரத்தில் நின்றது. “டோலி! டோலி!” என்று யாரோ கூப்பிட்டார்கள்.

பரந்தாமன் கிண்ணத்தை வைத்துவிட்டு எழுந்துவிட்டான். கொடியிலிருந்த துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு வாசல் வரைக்கும் போனான். வள்ளிநாயகியின் புருஷனும் குளத்தங்கரைச் சீட்டாட்டத்து ஆட்கள் மூன்று பேரும் தெருவில் ஓடினார்கள். சற்று நேரத்தில் நாலு பேரும் டோலியைத் தூக்கிக்கொண்டு படியேறுவது தெரிந்தது. இன்னும் கால் ஒத்து வரவில்லை, ஒருவர்மேல் ஒருவர் இடித்துக்கொண்டார்கள். அவன் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

“வா, வந்து குடி” என்றாள் அக்கா உள்ளேயிருந்து.

வந்து உட்கார்ந்தான். தோளில் கிடந்த துண்டை எடுக்க அவனுக்குத் தோன்றவில்லை. அவள் கையை நீட்டி எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அவன் கூழைக் குடித்தான். கிண்ணம் காலியாகிறவரை அவள் கண் எடுக்காமல் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். காலியானதும் சட்டியைச் சாய்த்து மறுபடியும் ஊற்றினாள்.